கத்திரியக்கா வெட்டிய கம்பி

கம்பமும் கம்பியும் கத்திரியக்காவுக்கு ஆகாது. படத்தின் ஓரத்தில் ஒரு மின்கம்பம் அரையும் குறையுமாக நீட்டிக்கொண்டிருந்தால் போதும், மூக்கின் மேல் ஈ உட்கார்ந்ததுபோல அவளுக்கு இருப்புக் கொள்ளாது. தொலைக்காட்சி நிலையத்தில் அவள் படத்தொகுப்பாளர். வெளியே போய் எடுத்துவந்த படத்தை வெட்டி, ஒட்டி, கண் வைத்துப் பார்க்கும்படியாக ஆக்குவதுதான் வேலை. தொங்கும் கம்பி, காயும் துணி, ஓரத்தில் வாயைப் பிளந்தபடி கேமராவையே பார்க்கும் ஆள், யாரோ வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் வாளி, இதெல்லாம் அவள் கணக்கில் குப்பை.

"வீட்டுக்கு ஆள் வர நேரத்துல வாசல்ல தொடப்பத்தைப் போட்டு வெப்பீங்களாடா?" என்று கேமராக்காரர்களைக் கேட்பாள். அவர்களும் பயந்து, எங்கே போனாலும் முதலில் கம்பம் எங்கே என்று தேடி, அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் படம் எடுப்பார்கள். சொந்தக்காரர் வீட்டில் எல்லோரும் சேர்ந்து போட்டோவுக்கு நின்ற ஒரு நாளில், ஜன்னலில் ஈரத்துண்டு தொங்குவதைப் பார்த்துவிட்டு, வரிசையைவிட்டு வெளியே வந்து, அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு, மறுபடியும் வந்து சிரித்தபடி நின்றவள் அவள்.

நல்ல பழக்கம்தான். அந்த நல்ல பழக்கம்தான் ஒரு மனிதனை ஊரே அடித்துக் கொல்லக் கிளம்பும் இடத்தில் கொண்டுபோய் விட்டது.

அவளுடைய சொந்தப் பெயர் நிலையத்தின் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் கத்திரியக்கா. நாடாச் சுருளில் படம் வந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அப்போது எட்டு மணிச் செய்திதான் எல்லாம். ஊரில் பாதி வீடுகளில் அந்த நேரத்தில்தான் சாப்பாட்டுத் தட்டு வைப்பார்கள். தெருவில் நடந்து போனால் ஒரு வீட்டில் விட்ட வாக்கியத்தை அடுத்த வீட்டில் கேட்கலாம். அவள் வெட்டிய படம் ஒரே நேரத்தில் எல்லாக் கண்ணிலும் விழும். மறுநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவதை, தனக்கு ஒன்றும் தெரியாததுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டு ரசிப்பாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கண்கள் வேறு பக்கம் திரும்பின. எட்டு மணிக்கு உட்காருகிறவர்கள், மூட்டுவலித் தைல விளம்பரத்துக்குப் பொருத்தமானவர்களாக ஆகிவிட்டார்கள். மற்றவர்கள் செய்தியை வரிசையில் நிற்கும்போது, படிக்கட்டில் இறங்கும்போது, பாத்ரூமில், போனில் பார்த்தார்கள். நிலையம் விழித்துக்கொண்டது. படத்தொகுப்பு அறையின் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு எழும்பியது. இந்தப் பக்கம் டிவி, அந்தப் பக்கம் போன் பிரிவு. டிவிக்குப் போவதைப் 'படுத்த படம்' என்றும், போனுக்குப் போவதை 'நின்ற படம்' என்றும் எல்லோரும் சொல்லப் பழகினார்கள். எடுப்பது ஒரே படம்தான். அகலமாகப் படுத்திருக்கும் அதன் இரண்டு பக்கத்தையும் வெட்டி எறிந்துவிட்டு நடுவில் ஒரு பட்டையை மட்டும் நிமிர்த்தி வைத்தால் நின்ற படம்.

ஐம்பதைத் தாண்டிய வயதில் கத்திரியக்காவைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். "கொஞ்ச நாள் பாப்போம், சரிவரலேன்னா வேற யோசிப்போம்" என்றார் மேலாளர். வேற என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

போன் பிரிவுக்குத் தலைவன் அவள் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பையன். சுறுசுறுப்பானவன், மரியாதை தெரிந்தவன். பார்க்கிறவனின் கட்டைவிரல் நிற்க வேண்டும், தள்ளிவிட்டுப் போகக் கூடாது என்பதைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை. அதனால் அவனுக்கும் 'கட்டைவிரல்' என்றே பெயர் விழுந்தது. அது அவனுக்கும் தெரியும்.

"அக்கா, முதல் மூச்சுலயே விரல் நிக்கணும். இல்லேன்னா நாம செத்தோம்."

"ஏம்ப்பா, செய்தியில யாராவது செத்தாத்தான் விரல் நிக்குது. நாமளும் சாகணுமா?"

அவன் சிரிப்பான். ஆனால் சுவரில் மாட்டியிருந்த பலகையைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். எந்தப் படத்தை இந்த நிமிஷம் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அதில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கத்திரியக்காவின் படங்கள் அதில் எப்போதும் கீழ் வரிசையில்தான் கிடந்தன. அழகாக இருந்தன. விரல்தான் நிற்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்தது.

கேமராவோடு முதலில் போய்ச் சேர்ந்தவன் ஒட்டகம். உயரத்துக்காக வைத்த பெயர். அவன் அனுப்பிய படம் கண்ணாடித் தடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. புகை. பள்ளியின் முன்வாசல் இரும்பு கேட். வெளியே தாய்மார்கள் முட்டிமோதுகிறார்கள். உள்ளே வாட்ச்மேன், சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போடுகிறார். வெளியிலிருந்து ஒரு பெண் கேட்டைப் பிடித்து உலுக்குகிறாள். வாட்ச்மேன் தன் கையிலிருந்த தடியால் அவள் விரல்களை ஓங்கி அடிக்கிறார். அவள் கையை உருவிக்கொள்கிறாள். இன்னொருத்தி பிடிக்கிறாள். அவளையும் அடிக்கிறார்.

"அய்யோ பாவி" என்று கத்திரியக்காவின் வாயிலிருந்து தானாக வந்தது.

"அக்கா, இதுதான்! இதைக் குடுங்க, உடனே குடுங்க" என்று கட்டைவிரல் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

கை தன்பாட்டுக்கு ஓடியது. நடுப்பட்டையை எடுத்து நிமிர்த்தினாள். பட்டையை வாட்ச்மேன் முகத்தின் மேல் வைத்தபோது இடது ஓரத்தில் ஒரு கம்பம் பாதி தெரிந்தது. அதிலிருந்து ஏதோ ஒரு கம்பி தொங்கிக் கீழே போயிருந்தது. முகத்துக்குப் பக்கத்தில் அசிங்கமாக இருந்தது. யோசிக்கக்கூட இல்லை. பட்டையை ஒரு இழுப்பு வலப்பக்கம் நகர்த்தினாள். கம்பமும் கம்பியும் போயின. முகம், தடி, கேட்டைப் பிடித்த விரல்கள். சுத்தமாக, கண்ணாடிபோல இருந்தது படம்.

'குழந்தைகள் உள்ளே தீயில். தாய்மாரை அடித்து விரட்டிய காவலாளி' என்று கட்டைவிரல் தலைப்புப் போட்டு அனுப்பினான்.

பலகையில் அது எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு மேலே ஏறியது. கீழ் வரிசைக்காரி முதல்முறையாக உச்சிக்குப் போனாள். பிரிவில் இருந்த எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். "அக்கா, இனிமே உங்களை யாரும் அசைக்க முடியாது" என்றான் கட்டைவிரல். பிள்ளைகளையெல்லாம் ஆசிரியர்கள் பின்வாசல் வழியாக வெளியே கொண்டுபோய்விட்டார்கள், புகை குடித்த சில பிள்ளைகள் மட்டும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், உயிருக்கு ஆபத்தில்லை என்று சற்று நேரத்தில் தகவல் வந்தது. அதை ஒரு வரியாக எழுதிப் போட்டார்கள். அதற்கு யார் விரலும் நிற்கவில்லை.

ஐந்து மணிக்குச் சுருக்கச் செய்தி முடிந்த கையோடு வீட்டிலிருந்து போன் வந்தது. கணவர். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். தினமும் பத்துப் பேருடைய தப்பைப் பொறுத்துக்கொள்வதாலோ என்னவோ, வீட்டில் ஒரு தப்பையும் பொறுக்க மாட்டார்.

"இங்க பாரு, உம் பொண்ணுகிட்ட நீயே சொல்லு. நியூஸ்ல இவ்வளவு தெளிவாக் காட்டறான், அந்த வாட்ச்மேன் எவ்வளவு பெரிய காரியம் பண்ணிருக்கான்னு. இவ என்னடான்னா அவனைத் தூக்குல போடணுங்கறா."

பின்னாலிருந்து மகள் கத்தினாள். "அம்மா, அப்பாவுக்குக் கண்ணு செக் பண்ணணும்! அந்த ஆளு அம்மாங்க கையை அடிக்கிறான், அது பெரிய காரியமாம்."

"அடிக்காம? கேட்டு இரும்புடி. கரண்ட்டுக் கம்பி அறுந்து தண்ணில கெடக்கு, தண்ணி கேட்டுகிட்ட ஓடி வருது. கையை எடுக்கலேன்னா அத்தனை பேரும் கருகிப் போயிருப்பாங்க."

"எந்தக் கம்பி? எங்க இருக்கு கம்பி? இந்தா, நீயே பாரு, நான் பத்து வாட்டி பாத்துட்டேன். கம்பியாம் கம்பி."

"உன் போன்ல இல்லேன்னா உலகத்துலயே இல்லையா?"

ஒரே வீடு, ஒரே கூடம். அப்பன் பார்த்தது படுத்த படம். மகள் பார்த்தது நின்ற படம். "அம்மா, லைன்ல இருக்கியா?" என்று மகள் கேட்டாள். கத்திரியக்கா போனை வைத்துவிட்டாள்.

ஒட்டகம் அனுப்பிய முழுப் படத்தைத் திறந்தாள். இடது ஓரத்தில் கம்பம். கம்பத்திலிருந்து அறுந்த கம்பி. அதன் நுனி தரையில் தேங்கிய தண்ணீரில் கிடந்து நீலமாகப் பொறி விடுகிறது. தண்ணீர் மெல்ல மெல்ல கேட்டை நோக்கி நாக்கை நீட்டுகிறது. வாட்ச்மேன் தடியால் அடிக்குமுன் ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரைத்தான் திரும்பிப் பார்க்கிறார். தன் படத்தில், சாடிஸ்ட்டைப்போல, அடிக்குமுன் எங்கேயோ பார்த்துவிட்டு அடிக்கிறாரே என்று அவளே நினைத்தது ஞாபகம் வந்தது.

ஒட்டகத்தைக் கூப்பிட்டாள். அவன் பின்னால் ஒரே இரைச்சல்.

"தம்பி, அந்தக் கம்பி..."

"என்னக்கா இப்ப வந்து கேக்கறீங்க? உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சேதான்க்கா கம்பியை உள்ள வெச்சு எடுத்தேன். செய்தியே அதுதானேன்னு. அதைப் போய் வெட்டிட்டீங்களே."

"இப்ப எங்கடா இருக்க? என்ன சத்தம் அது?"

"ஸ்கூல் வாசல்லதான். ஆளு வந்துக்கிட்டே இருக்காங்க. அந்த வாட்ச்மேனும் அவர் சம்சாரமும் பின்னால மோட்டார் ரூமை ஒட்டின அறையிலதான் குடியிருக்காங்க. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. இவனுங்க கேட்டை ஆட்டறானுங்க."

"கம்பியைக் காட்டித் தொலையேன் அவங்களுக்கு!"

"மின்சாரக்காரங்க அப்பவே சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. மத்தியானம் இருந்த அம்மாங்க எல்லாம் புள்ளைங்களோட ஆஸ்பத்திரில. இங்க இருக்கறவன் ஒருத்தனும் மத்தியானம் இங்க இல்ல. எல்லாம் போனைப் பாத்துட்டு வந்தவனுங்க. போலீசுக்கு நான் சொல்லிட்டேன், ரோடு பூரா வண்டி, வந்துக்கிட்டு இருக்கோம்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க."

போனை வைக்காமலே அவள் கட்டைவிரலிடம் போனாள். அவன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழுப் படத்தைக் காட்டினாள். அவன் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியது.

"எடுத்துடு அதை. இப்பவே எடு."

"எடுத்துட்டேன்னு வையிங்கக்கா, ஏற்கெனவே ஊர் பூரா ஆளாளுக்குப் பிடிச்சு வெச்சு அனுப்பிக்கிட்டு இருக்காங்க. நாம எடுத்தா, ஸ்கூல்காரங்க மிரட்டி எடுக்க வெச்சிட்டாங்கன்னு இன்னும் ரெண்டு மடங்கு கோபம்தான் வரும்." சொல்லிக்கொண்டே எடுத்தான். "எடுத்தாச்சு. ஒண்ணும் மாறாது, பாருங்க."

டிவிப் பக்கத்திலிருந்து செய்தி ஆசிரியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எட்டு மணிக்கு முதல் செய்தியா விளக்கமாச் சொல்லிடுவோம்" என்றார்.

"சார், எட்டு மணிச் செய்தி பாக்கறவங்க யாரும் அந்தக் கேட்டுல நிக்கல. என் வீட்டுக்காரர் பாப்பாரு. அவருக்கு ஏற்கெனவே தெரியும்."

அவர் கதவை மூடிக்கொண்டு போனார்.

எந்த வழியாகப் பொய் போனதோ அதே வழியாகத்தான் உண்மையும் போக வேண்டும். அவள் உட்கார்ந்தாள். மேஜையில் ஒலிபெருக்கியில் போட்டு வைத்த போனிலிருந்து, கேட் இரும்பு மோதும் சத்தம் டம் டம்மென்று வந்துகொண்டிருந்தது.

முதலில் முழுப் படத்தையும் அப்படியே சுருக்கி நின்ற சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தாள். மேலும் கீழும் கறுப்பு. நடுவில் தபால் தலைபோலப் படம். கம்பி தலைமுடியளவுகூடத் தெரியவில்லை. அழித்தாள். கம்பியை மட்டும் பெரிதாக்கி முதலில் வைத்தாள். நீலப் பொறி நன்றாகத் தெரிந்தது.

"வேணாம்க்கா" என்றான் கட்டைவிரல். இப்போது அவனும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். "ஏதோ கம்பின்னு தள்ளிட்டுப் போயிடுவாங்க. அந்தாளு முகத்துல ஆரம்பிங்க. அதே முகம், அதே அடி. கோபத்துல விரல் நிக்கும். நின்னப்புறம் கம்பிக்குப் போங்க."

"மறுபடியும் அடிக்கறதையே காட்டச் சொல்றியா?"

"அதைக் காட்டினாத்தான் அதைப் பாத்தவங்க வருவாங்க. இதுல என்னை நம்புங்க."

நம்பினாள். அவனுக்குத் தெரிந்த வித்தை அது. அவள் வித்தை அடுத்ததில் இருந்தது. முகத்திலிருந்து கம்பிக்குப் போகும்போது வெட்டு விழுந்தால், இது வேறு எங்கேயோ எடுத்த கம்பி, ஒட்டிவிட்டார்கள் என்பார்கள். வெட்டே இருக்கக் கூடாது. வாழ்நாளெல்லாம் வெட்டியவள், அன்றைக்கு வெட்டாமல், பட்டையை மட்டும் முகத்திலிருந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போனாள். தடி பிடித்த கை, கேட்டின் அடிப்பக்கம், பளபளக்கும் தண்ணீர், தண்ணீரின் மேலேயே நகர்ந்து கம்பியின் நுனி. அங்கே நிறுத்தினாள். அவசரத்தில் முதல் இழுப்பு குதித்துக் குதித்துப் போனது. மறுபடி இழுத்தாள்.

"அக்கா, கேட்டைக் கழட்டிட்டாங்க" என்றது மேஜையில் இருந்த போன். "உள்ள ஓடறாங்க. நானும் போறேன்."

"நீ போகாதடா!"

"போகாம?"

"குரல் வேணும்" என்றான் கட்டைவிரல். "வாசிக்கற பொண்ணு மேக்கப்ல இருக்கு."

"நான் பேசறேன்."

"என்னன்னு?"

"நான்தான் வெட்டினேன்னு."

"மேலாளரைக் கேக்காம, நாங்க தப்புப் பண்ணிட்டோம்னு நிலையத்தோட பேர்ல சொல்ல முடியாதுக்கா. என் வேலை போயிடும்."

"நாங்கன்னு சொல்லல. நான்னு சொல்றேன். போனா என் வேலை போகட்டும். நீ கதவைத் திற."

குரல் பதியும் அறை ஒரு அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது. எத்தனையோ பேருடைய இருமலையும் மூச்சிரைப்பையும் அங்கிருந்து எடுத்துச் சுத்தம் செய்து கொடுத்தவள், அதற்குள் நின்று ஒருமுறைகூடப் பேசியதில்லை. எழுதி வைத்துக்கொள்ள நேரமில்லை. பேசினாள்.

"இந்த ஆளு அடிச்சது நெஜம். ஏன் அடிச்சாருன்னு பாருங்க. இது தண்ணி. இது தண்ணில கெடக்கற கரண்ட்டுக் கம்பி. கேட்டு இரும்பு. அடிச்சதாலதான் அந்த அம்மாங்க உசிரோட இருக்காங்க. உங்க போன்ல இந்தக் கம்பி வரலை. அதை வெட்டினது நான். டிவில படம் வெட்டற வேலை எனக்கு. அசிங்கமா இருக்குன்னு வெட்டிட்டேன். அவரை விட்டுடுங்க. அவர் மேல கை வெக்காதீங்க."

கடைசியில் குரல் உடைந்து மூச்சு வாங்கியது. பழக்கதோஷத்தில் அந்த மூச்சை வெட்டக் கை போனது. கட்டைவிரல் அவள் கையைத் தட்டிவிட்டான். "இருக்கட்டும்க்கா." முந்திய படத்துக்குப் போட்ட அதே தலைப்பின் பின்பாதியைப் போட்டான், அது யார் யாருக்குப் போனதோ அவர்களையே தேடிப் போகும்படி ஏதேதோ செய்தான், மேலாளர் அறையின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்தினான்.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது.

பலகையில் அது அசையாமல் அடியில் கிடந்தது. மேஜைப் போனில் ஓடும் காலடிகள். கதவு உடைபடும் சத்தம். ஒரு பெண்ணின் அலறல். "வெளிய இழுங்கடா அவனை." "அக்கா, சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டாங்க" என்று ஒட்டகம் அழுகிற குரலில் சொன்னான். "நான் கத்தறேன், ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான். டேய், விடுங்கடா! நான் பாத்தேன்டா!" அடி விழும் சத்தம் வந்தது. அது எப்படி இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. படத்தில் வரும் அடிக்குச் சத்தம் சேர்ப்பாளே தவிர, உண்மையான அடிக்கு இவ்வளவு சின்னச் சத்தம்தான் என்று தெரியாது.

"ஏறுது" என்றான் கட்டைவிரல். "அக்கா, ஏறுது."

அவள் பலகையைப் பார்க்கவில்லை. போனுக்குள் ஒரு குரல் கேட்டது. எங்கேயோ தூரத்தில், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல. 'இந்த ஆளு அடிச்சது நெஜம்.' அவள் குரல்தான். கூட்டத்தில் யாரோ ஒருவர் போனில் ஓட விட்டிருக்கிறார். அது முடிவதற்குள் இன்னொரு போனில், கொஞ்சம் பின்தங்கி, அதே குரல் தொடங்கியது. 'ஏன் அடிச்சாருன்னு பாருங்க.' மூன்றாவதாக ஒன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. ஒரே வார்த்தையை அவளே பல வாயால் முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். 'கம்பி.' 'கரண்ட்டுக் கம்பி.' 'வெட்டினது நான்.'

"யோவ், நிறுத்துய்யா, இதைப் பாரு" என்றது ஒரு ஆண் குரல்.

"சும்மா கதை விடறானுங்கய்யா."

"பாருய்யா முதல்ல!"

அதற்குப் பிறகும் ஒரு அடி விழுந்தது. போனைப் பார்க்காத யாரோ ஒருவன். அப்புறம் நின்றது. உடனே ஒன்றும் அமைதி வந்துவிடவில்லை. ஒருவரையொருவர் "நீதானே கூட்டிட்டு வந்த" என்று கேட்கும் சத்தம் எழும்பியது. போலீஸ் வண்டியின் ஓசை அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது.

"தம்பி. டேய். அவரு?"

"இருக்காருக்கா" என்றான் ஒட்டகம். "மூச்சு இருக்கு."

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனாள். கணவர்தான் டிரைவிங் ஸ்கூல் காரில் கூட்டிப்போனார். வழியெல்லாம் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்து அவர் பொறுத்துக்கொண்ட ஒரே தப்பு அதுதான். மகள் பின் சீட்டில் உட்கார்ந்து போனைத் தொடாமல் வந்தாள். அவளும் அந்தப் படத்தை நிறைய பேருக்கு அனுப்பியிருந்தாள்.

வாட்ச்மேனுக்கு வலது கை முறிந்திருந்தது. முன்பற்கள் இரண்டு போயிருந்தன. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பக்கத்தில் மனைவி, ஒரு துணியை நனைத்துப் பிழிந்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க வெட்டினது" என்றாள் கத்திரியக்கா. வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"குரல் தெரியுதும்மா" என்றார் அவர். "கீழ கெடந்தப்போ கேட்டுச்சு. என்னென்னவோ சொன்னீங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நான் அந்த மொதல் படத்தைப் பாக்கலை. என்கிட்ட அந்த மாதிரி போன் இல்ல. காட்டுங்க."

"எதுக்குங்க அது?"

"என்னை எதுக்கு அடிச்சாங்கன்னு தெரியணுமில்ல?"

மகள் தன் போனை நீட்டினாள். அவர் திறந்திருந்த ஒரு கண்ணால் பார்த்தார். இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

"நல்லா இருக்குது" என்றார். "நானா இருந்தாலும் கெளம்பித்தான் போயிருப்பேன்."

அவர் மனைவி நிமிர்ந்தாள். அதுவரை அவள் யாரையும் பார்க்கவில்லை. "அவரு அப்படித்தான் சொல்லுவாரு. நான் சொல்ல மாட்டேன். கெளம்புங்க நீங்க" என்றாள். கத்திரியக்கா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

வேலை போகவில்லை. மேலாளர் கூப்பிட்டு நிறையத் திட்டினார். இரண்டாவது படம் முதல் படத்தைவிட மேலே ஏறியிருந்ததால் திட்டை நடுவில் நிறுத்திக்கொண்டார். நிலையம் ஒரு புது விதி போட்டது. நின்ற படம் எதுவும், படுத்த படத்தை இன்னொருவர் பார்க்காமல் வெளியே போகக் கூடாது. ஓய்வு பெறும்வரை அந்த இன்னொருவராக இருந்தவள் அவள்தான். கம்பி, கம்பம், வாளி, துணி எல்லாம் அவள் படங்களில் தாராளமாகத் தொங்கத் தொடங்கின. "அக்கா படம் இப்ப எங்க வீட்டுக் கொல்லை மாதிரி இருக்கு" என்று ஒட்டகம் கேலி செய்வான். வாட்ச்மேன் குடும்பம் கை தேறியதும் வேறு ஊருக்குப் போய்விட்டது. எந்த ஊர் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கேட்க அவளுக்கும் வாய் வரவில்லை.

ஆனால் அந்த முதல் படம் போகவில்லை. யாரோ எங்கேயோ எடுத்து வைத்திருந்தார்கள். வேறு ஊர்த் தீ, வேறு பள்ளிக்கூடம் என்று தலைப்பு மாற்றிக்கொண்டு, வருஷத்தில் பலமுறை எங்காவது தலைகாட்டியது. அந்த வாட்ச்மேன் இப்போது எந்த கேட்டில் நிற்கிறாரோ, அங்கே ஒருவன் இதைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? காலையில் எழுந்ததும் அவள் செய்யும் முதல் வேலை அதைத் தேடுவதுதான். கிடைத்தால் கீழே விஷயத்தை எழுதி, முழுப் படத்தை ஒட்டி, புகார் கொடுத்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவாள்.

கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் அதுதான். கண் மங்கிவிட்டது. மகள் தேடித் தர வேண்டும்.

"இன்னைக்கு எங்கயாவது வந்துச்சா?"

மகளுக்கு இல்லை என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது. "ஒரு இடத்துல இருக்கும்மா. நேத்துப் போட்டிருக்காங்க."

"எத்தனை பேரு பாத்திருக்காங்க?"

"ரொம்ப இல்ல. கொஞ்சம் பேருதான்."

"கொஞ்சம் பேரு போதும்டி" என்றாள் கத்திரியக்கா. ஊசி குத்தி ஒட்டியிருந்த கையை நீட்டினாள். "குடு இங்க. எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லு."